வளர்ச்சிக் காரணியும் ஏற்பியும்: அடிக்கடி நேரும் தவறுகள்

வளர்ச்சிக் காரணி என்பது செல்லுக்குச் சேதி கொண்டுவரும் புரதம்; ஏற்பி என்பது அதை வாங்கச் செல்லின் மேல் இருக்கும் புரதம். காரணி வந்து ஏற்பியில் ஒட்டும், செல்லுக்குள் சிக்னல் போகும், செல் பெருகும், அது அளவு மீறினால் புற்றுநோய். பெரும்பாலோர் மனதில் இருக்கும் சித்திரம் இதுதான். பரீட்சைக்கு இது போதும். இதை மட்டும் நம்பிக்கொண்டு ஒரு பயாப்ஸி ரிப்போர்ட்டையோ கருவளர்ச்சிப் பாடத்தையோ படிக்க உட்கார்ந்தால் பாதியிலேயே குழம்பிவிடுவோம்.

முதல் தவறு, ஏற்பி அதிகமாக வேலை செய்தால் வளர்ச்சியும் அதிகமாகும் என்று கணக்குப் போடுவது. எஃப்ஜிஎஃப்ஆர்3 என்ற ஏற்பியைப் பாருங்கள். கை கால் எலும்புகள் நீள்வது அவற்றின் முனைக்கு அருகே உள்ள குருத்தெலும்புத் தட்டில். அங்கே இந்த ஏற்பியின் வேலையே குருத்தெலும்புச் செல்கள் பெருகுவதை அடக்கி வைப்பதுதான். அதன் புரதச் சங்கிலியில் 380-ஆவது இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலம் போய் ஆர்ஜினின் என்ற இன்னொன்று உட்கார்ந்துவிட்டால், ஏற்பி தேவைக்கு மேல் சிக்னல் அனுப்பும், எலும்பு நீளாது. அகாண்ட்ரோபிளேசியா என்ற குள்ளத்தன்மைக்குக் காரணம் இதுதான் என்று 1994-ல் கண்டுபிடித்தார்கள். இப்படிப் பிறக்கும் குழந்தைகளில் சுமார் 80 சதவீதத்தினரின் பெற்றோர் சராசரி உயரம் உள்ளவர்கள்தான். இந்த மரபணு மாற்றம், அதாவது பிறழ்வு, குழந்தையில் புதிதாக வந்திருக்கும். 2021-ல் அனுமதி பெற்ற வோசோரிடைட் என்ற ஊசி மருந்து, எஃப்ஜிஎஃப்ஆர்3 உள்ளே அனுப்பும் சிக்னலை வழியிலேயே தணிக்கிறது. சிக்னல் குறைந்தால் எலும்பு நீள்கிறது!

இதே ஏற்பியை முடுக்கிவிடும் பிறழ்வுகள் சிறுநீர்ப்பைப் புற்றுநோயிலும் நிறையத் தென்படுகின்றன. அங்கே செல்கள் பெருகுகின்றன. ஆக, சிக்னல் கூடியதா குறைந்ததா என்று மட்டும் கேட்டால் பதில் கிடைக்காது. அதை வாங்குவது எந்தச் செல், அது எந்தப் பருவத்தில் இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். டிஜிஎஃப் பீட்டா என்ற காரணி இன்னொரு உதாரணம்: பல திசுக்களில் தொடக்கத்தில் செல் பிரிவதைத் தடுத்துக் கட்டியை அடக்கும்; கட்டி முற்றிய பிறகு அதுவே பரவ உதவும். அதை நல்லது, கெட்டது என்று ஒரு பக்கமாக எழுதி வைப்பது வீண் வேலை.

அடுத்தது, ஏற்பி பூட்டு, காரணி சாவி என்ற உவமை. தொடக்கப் பாடத்துக்கு அது சரி. ஆனால் மார்பகப் புற்றுநோயில் அடிக்கடி கேள்விப்படும் ஹெர்-2 ஏற்பிக்குச் சாவியே கிடையாது. அதற்கென்று நேரடியாக வந்து ஒட்டும் காரணி எதுவும் இதுவரை கண்டறியப்படவில்லை. அது தன் குடும்பத்தைச் சேர்ந்த மற்ற ஏற்பிகளோடு, குறிப்பாக ஹெர்-3 உடன், ஜோடி சேர்ந்து வேலை செய்கிறது. செல்லின் மேல் ஹெர்-2 எக்கச்சக்கமாகக் குவிந்துவிட்டால் காரணி இல்லாமலேயே ஜோடிகள் உருவாகும். அதனால் ‘காரணியைத் தடுத்துவிட்டால் போதும்’ என்ற யோசனை இங்கே எடுபடாது. ஏற்பியையே குறிவைக்க வேண்டியிருக்கிறது. 1998-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிராஸ்டுசுமாப் அப்படி வந்த மருந்து.

கருவளர்ச்சியையும் புற்றுநோயையும் தனித்தனி அத்தியாயமாகப் படித்து மூடிவிடுவதுதான் என் கணக்கில் பெரிய தவறு. இந்தத் துறையின் தொடக்கக் கண்டுபிடிப்புகளில் ஒன்று குட்டி எலிகளிடம் நடந்ததுதான். எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைப் பிறந்த எலிக்குட்டிகளுக்குச் செலுத்தியபோது, இரண்டு வாரம் ஆகவேண்டிய கண்திறப்பு ஏறக்குறைய ஒரு வாரத்தில் நடந்துவிட்டதை உயிர்வேதியியலாளர் ஸ்டான்லி கோஹன் கவனித்தார். பற்களும் முன்கூட்டியே முளைத்தன. அந்தச் சாற்றில் இருந்த பொருள்தான் இஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி. 1986-ல், இன்னொரு வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்த ரீட்டா லெவி-மொண்டால்சினியோடு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்த இஜிஎஃப்-இன் ஏற்பியான இஜிஎஃப்ஆர்தான் இன்று நுரையீரல் புற்றுநோய் மாத்திரைகளின் இலக்கு.

ஹெர்-2 கதையிலும் இந்தத் தொடர்பு உண்டு. அந்த ஏற்பி இல்லாத எலிக் கரு, இதயத்தின் உட்சுவர்த் தசை சரியாக உருவாகாமல் 11-ஆம் நாளுக்குள் இறந்துவிடும் என்று 1995-ல் தெரிந்தது. வளர்ந்த இதயத்துக்கும் அந்தச் சிக்னல் வேண்டும். டிராஸ்டுசுமாப்பை ஆந்த்ராசைக்ளின் வகைக் கீமோவோடு சேர்த்துக் கொடுத்த பெரிய சோதனையில் 27 சதவீதத்தினருக்கு இதயச் செயல்பாடு பாதிக்கப்பட்டது. அந்தக் கீமோவை மட்டும் பெற்றவர்களில் அது 8 சதவீதம். அதனால்தான் இந்த மருந்து எடுப்பவர்களுக்கு டாக்டர்கள் குறிப்பிட்ட இடைவெளியில் எக்கோ எடுக்கச் சொல்கிறார்கள். ‘கேன்சருக்கு வந்தவரிடம் இதய டெஸ்ட் எதற்கு, பில் ஏற்றவா?’ என்று தட்டிக் கழிக்க வேண்டாம்.

அப்புறம் ரிப்போர்ட். மார்பகக் கட்டியில் ‘ஹெர்-2 பாசிட்டிவ்’ என்றால் ஏற்பி அளவுக்கு மீறி இருக்கிறது என்று அர்த்தம். நுரையீரல் கட்டியில் ‘இஜிஎஃப்ஆர் பாசிட்டிவ்’ என்றால் பெரும்பாலும் அந்த மரபணுவில் பிறழ்வு இருக்கிறது என்று அர்த்தம். அளவைப் பற்றிய பேச்சே இல்லை. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு இணையத்தில் மருந்து தேடினால் தப்பான பக்கத்தில்தான் போய் நிற்போம். பெருங்குடல் புற்றுநோயில் இன்னொரு சிக்கல்: இஜிஎஃப்ஆர் ஏற்பி இருந்தாலும், அதன் சிக்னலைச் செல்லுக்குள் கடத்தும் கேராஸ் என்ற புரதம் (ராஸ் குடும்பத்தைச் சேர்ந்தது) பிறழ்ந்து தானாகவே ஓடிக்கொண்டிருந்தால், மேலே ஏற்பியை அடைக்கும் செடுக்சிமாப் என்ற மருந்து பயன் தராது. முதலில் ராஸ் பரிசோதனை செய்வது அதற்காகத்தான்.

கட்டித் திசுவைச் சாயமேற்றிப் பார்த்து, ஏற்பி எவ்வளவு இருக்கிறது என்று போடும் ஹெர்-2 மதிப்பெண்ணில் 3+ பாசிட்டிவ். 2+ வந்தால் எதையும் முடிவு செய்ய வேண்டாம். ஃபிஷ் பரிசோதனையில் மரபணுப் பிரதிகளைப் பார்த்த பிறகே தெரியும். 1+ வந்தால் ‘நெகட்டிவ்’ என்று சொல்லிவிடுவார்கள், அதில் தப்பில்லை. ஆனால் டிராஸ்டுசுமாப்போடு கீமோ மருந்தைக் கோத்துச் செய்த டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டிகன் 2022-ல் ‘ஹெர்-2 குறைவு’ பிரிவுக்கும் அனுமதி பெற்ற பிறகு, பரவிய மார்பகப் புற்றுநோயில் அந்த 1+ சிகிச்சையை மாற்றக்கூடியது. அந்த மருந்துக்கு ஏற்பியின் சிக்னலைத் தடுப்பது முக்கியமில்லை. கீமோவைக் கட்டிக்குள் இறக்க ஓரளவு ஏற்பி இருந்தாலே போதும். எனவே பழைய ரிப்போர்ட்டில் ‘நெகட்டிவ்’ என்று மட்டும் இருந்தால், பக்கத்தில் இருக்கும் எண் என்ன என்று டாக்டரிடம் கேளுங்கள்.