அலர்ஜி டெஸ்ட் பில்லைக் கட்டுவதற்கு முன்: அமெரிக்காவின் ஆஸ்டினுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

இன்-நெட்வொர்க் (இன்சூரன்ஸோடு ஒப்பந்தம் உள்ள) டாக்டரைப் பிடிப்பது, டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் நாம் கட்ட வேண்டிய தொகை) பார்ப்பது எல்லாம் உங்கள் எச்.ஆரே சொல்லிவிடுவார். அவர் சொல்லாததை எழுதுகிறேன்.

டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை இங்கே மவுண்டன் சீடர் என்ற மரத்தின் மகரந்தம் காற்றில் பறக்கும். ஊரில் ஒரு செட்ரிசின் மாத்திரையோடு தும்மலை முடித்தவர்களையும் படுத்தி எடுத்துவிடும். என் நண்பர் கண் வீங்கி, ராத்திரியெல்லாம் இருமி, கடைசியில் ஸ்கின் டெஸ்ட் செய்துகொண்டார். முதுகில் வரிசையாகக் குத்தியதில் சீடர் குத்திய இடம் கொசு கடித்த மாதிரி தடித்தது. டாக்டரும் மகரந்த அலர்ஜி என்று தெளிவாகவே நோட்ஸில் எழுதினார். ஆனால் இன்சூரன்ஸ் 'மருத்துவ ரீதியாக அவசியமில்லை' என்று கையை விரித்துவிட்டது. பில்லில் 95004 என்ற எண்ணில் வரும் இந்த டெஸ்டுக்கு ஒவ்வொரு குத்துக்கும் தனிக் கணக்கு. பில்லைப் பார்த்து அவர் மனைவி அழுதேவிட்டார்.

க்ளெய்ம் படிவத்தைக் கேட்டு வாங்கினோம். நோய்களின் குறியீடுகளை எழுதும் 21-ஆம் கட்டத்தில் 'ஏ' என்று ஆர்05.9, அதாவது வெறும் இருமல். 'பி' என்று ஜே30.1, மகரந்தத்தால் வரும் மூக்கு அலர்ஜி. எந்த நோய்க்காக டெஸ்ட் என்று காட்டும் 24இ கட்டத்தில் டெஸ்டுக்கு நேராக 'ஏ' மட்டும் போட்டிருந்தார்கள். சாதா இருமலுக்கு முதுகு முழுக்கக் குத்தியதாகத்தானே அர்த்தம்! கிளினிக்கில் ஒருவர் விட்ட ஓர் எழுத்துக்கு உடம்பு முடியாதவர் போனில் மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். இன்னமும் எனக்கு ஆறவில்லை.

ஆகவே இ.ஓ.பி.யில் (எதற்கு எவ்வளவு கொடுத்தோம் என்று இன்சூரன்ஸ் அனுப்பும் விவரத்தாளில்) 'டினைடு', அதாவது மறுப்பு, என்று வந்தால், கடன் வைக்கக் கூடாது என்று பயந்து உடனே கார்டைத் தேய்க்காதீர்கள். பில்லிங் ஆபீசில் 'கரெக்டட் க்ளெய்ம்', அதாவது திருத்திய படிவம், அனுப்பச் சொல்லுங்கள். நண்பருக்கு அதிலேயே தீர்ந்தது. தீராவிட்டால் அப்பீல் செய்ய, பெரும்பாலான பிளான்களில் 180 நாள் உண்டு. டாக்டர் நோட்ஸில் இல்லாத நோய்க் குறியீட்டைப் போடச் சொல்லாதீர்கள், அது மோசடி. அதனால் முதல் நாளே டாக்டரிடம் எந்த மாதம், எங்கே போனால், என்ன ஆகிறது என்று விவரமாகச் சொல்லுங்கள்.

பென்சிலினும் அப்படித்தான். "சின்ன வயசில் ஊசி ஒத்துக்கலை" என்று மொட்டையாகச் சொன்னால் பென்சிலின் அலர்ஜி என்ற குறியீடு, இசட்88.0, உங்கள் ரெக்கார்டில் ஏறிவிடும், பிறகு லேசில் இறங்காது. இந்த நாட்டில் பத்தில் ஒருவர் பென்சிலின் அலர்ஜி என்கிறார். சோதித்தால் அவர்களில் பெரும்பாலோருக்கு அது இல்லை. வாந்தியா, தடிப்பா, மூச்சுத்திணறலா என்று நடந்ததை அம்மாவிடம் போனில் கேட்டுக்கொண்டு போங்கள். சந்தேகம் இருந்தால் அலர்ஜி டாக்டரிடம் சோதியுங்கள். வீட்டில் மாத்திரை போட்டுப் பார்க்க வேண்டாம்.