தஞ்சாவூரிலிருந்து கோடியக்கரைக்கு இரண்டு நாள் சாலைப் பயணம்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வலசைப் பறவைகள் இன்னும் திரும்பிச் செல்லாத ஜனவரி, பிப்ரவரி மாதங்களே இப்பயணத்துக்கு ஏற்றவை. முதல் நாள் காலையில் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு, நடை சாத்தப்படும் நண்பகல் நேரத்தை அரண்மனைக் கலைக்கூடத்துக்கு ஒதுக்கினால் வெயிலிலிருந்தும் தப்பலாம். கும்பகோணத்தையும் சேர்க்க ஆசை எழும். சேர்த்தால் இரண்டும் அரைகுறையாகும் என்பதே என் கருத்து.

பிற்பகலில் மன்னார்குடிச் சாலையில் புறப்பட்டு, வழியிலுள்ள வடுவூர் ஏரியில் பறவைகள் அடையத் திரும்புவதைக் கண்டபின், திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம் சென்று தங்க வேண்டும். மறுநாள் வெயில் ஏறுமுன் கோடியக்கரைச் சரணாலயத்தை அடைந்து, வனத்துறையிடம் அனுமதி பெற்று உள்ளே சென்றால், புல்வெளியில் மேயும் வெளிமான்களையும், வாய்ப்பிருந்தால் சதுப்பு நீரில் நிற்கும் பூநாரைகளையும் காணலாம். தொலைநோக்கியையும் குடிநீரையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.