பாக்டீரியாவின் கசையிழையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்ப்பது எப்படி?

பாக்டீரியா நீந்தப் பயன்படுத்தும் வால் போன்ற கசையிழையின் தடிமன் ஏறத்தாழ 20 நானோமீட்டர். சாதாரண ஒளி நுண்ணோக்கிக்கு அது எட்டாது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் காண எளிய வழி எதிர்மறைச் சாயமேற்றம்: யுரேனிய உப்பு இழையைச் சுற்றிப் படிந்து பின்னணியைக் கருப்பாக்கும், இழை வெளிறித் தெரியும். நோய்க்கிருமி அல்லாத பாக்டீரியாவில் தொடங்குங்கள்.

1. செல்களைத் தயாரித்தல்

படம் நன்றாக வருமா என்பது பெரும்பாலும் இங்கேயே முடிவாகிவிடும். வேகமாக வளரும் கட்டத்தில் உள்ள வளர்ப்பை எடுங்கள். 600 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அளந்த ஒளி அடர்த்தி (கலங்கலின் அளவு) 0.5 அளவில் இருக்கட்டும். மையவிலக்கியில் 1,500 ஜி (புவியீர்ப்பைப் போல் 1,500 மடங்கு விசை), 5 நிமிடம் போதும். தெளிந்த நீர்மத்தை அகற்றி, 10 மில்லிமோலார் ஹெபிஸ் இடையகக் கரைசல் (அமில-காரத் தன்மை மாறாமல் காப்பது) விட்டு, குழாயை மெல்லச் சாய்த்துச் சாய்த்துக் கலக்குங்கள். வோர்டெக்ஸ் (குழாயை வேகமாக அதிரச் செய்யும் கருவி) வேண்டவே வேண்டாம்; கசையிழைகள் அறுந்துவிடும். பிப்பெட் முனையின் நுனியைச் சற்று வெட்டி, துளையைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள்.

பாஸ்பேட் கரைசலையும் தவிருங்கள். அது நம் சாயமான யுரேனிய உப்பு, யுரேனைல் அசிடேட்டுடன் வினைபுரிந்து துகளாக வீழ்படியும்.

2. கிரிட்டில் ஏற்றுதல்

ஃபார்ம்வார் என்ற பிளாஸ்டிக் படலமும் கார்பனும் பூசிய 300 மெஷ் செம்புக் கிரிட் (மாதிரியைத் தாங்கும் சிறு வலைத்தட்டு) தேவை. கார்பன் பரப்பில் நீர் ஒட்டாது என்பதால், முதலில் 30 விநாடி குளோ டிஸ்சார்ஜ் (பரப்பில் நீர் பரவும்படி செய்யும் மின்னிறக்கம்) செய்யுங்கள். இடுக்கியால் விளிம்பை மட்டும் பிடித்து, பூச்சுள்ள பக்கத்தில் 5 மைக்ரோலிட்டர் செல் கலவையை விட்டு 1 நிமிடம் காத்திருங்கள். வடிதாளின் ஓரத்தைக் கிரிட்டின் விளிம்பில் தொட்டு நீரை உறிஞ்சுங்கள், ஆனால் முழுக்கக் காயவிடாதீர்கள்.

3. சாயம்

கிரிட்டை ஒரு துளி தூய நீரில் தொட்டெடுத்த பின், வடிகட்டிய 1% யுரேனைல் அசிடேட் 5 மைக்ரோலிட்டர், 30 விநாடி. மீண்டும் வடிதாளால் உறிஞ்சி, காற்றில் உலர்த்துங்கள். இந்தச் சாயம் நச்சும் கதிரியக்கமும் உள்ளது: கையுறை கட்டாயம், கழிவைத் தனியே சேர்க்க வேண்டும், சாயக் குப்பியை வெளிச்சம் படாமல் வையுங்கள்.

4. பார்த்தல்

80 முதல் 120 கிலோவோல்ட்டில், குறைந்த உருப்பெருக்கத்தில் கிரிட் முழுவதையும் ஒரு சுற்றுப் பாருங்கள். சாயம் திட்டுத்திட்டாக இருந்தால் குளோ டிஸ்சார்ஜ் போதவில்லை. கூர்மையான படிகங்கள் தெரிந்தால் உப்பு மிஞ்சியிருக்கிறது. அடுத்த கிரிட்டைக் கூடுதலாக ஒருமுறை கழுவுங்கள். இழைகள் செல்லை விட்டுத் தனியே கிடந்தால் முதல் படிக்கே திரும்புங்கள்.

செல்லின் உடல் தடிமனானது, கரும்பொதியாகத்தான் தெரியும். செல்சுவரின் அடுக்குகளைப் பார்க்க, செல்லை ரெசினில் (கெட்டியாகும் பிசினில்) பதித்து 70 நானோமீட்டர் சீவல்களாக அறுக்க வேண்டும்.