"நல்லா யோசிச்சு சொல்லு பாப்பா": குழந்தையிடம் வாக்குமூலம் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மகளிர் காவல் நிலைய எஸ்.ஐ.க்கள், மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகின் ஆற்றுப்படுத்துநர்கள் (கவுன்சிலர்கள்), 1098 குழந்தைகள் உதவி எண் பணியாளர்கள் எனப் புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். ஒவ்வொரு அணியும் அதே பிழைகளைச் செய்கிறது. எங்கள் அணி செய்ததும் அவைதான். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தபோது குழந்தையிடம் எப்படிப் பேசுவது என்று எங்களுக்குச் சொல்லித்தர ஆளில்லை. இன்று பெங்களூரு நிமான்ஸின் சம்வாத் போன்ற அமைப்புகள் பயிற்சி தருகின்றன, கையேடுகளும் கிடைக்கின்றன. அப்படியும் அதே பிழைகள் நடப்பதால்தான் எழுதுகிறேன்.

மஃப்டியில் போங்கள், இரவில் குழந்தையை ஸ்டேஷனில் வைக்காதீர்கள், எதிரியின் (குற்றம் சாட்டப்பட்டவரின்) கண்ணில் படவிடாதீர்கள் என்பதையெல்லாம் சட்டத்தின் 24-வது பிரிவே சொல்லிவிட்டது. அதைப் படிக்காதவர் முதலில் அதைப் படித்துவிட்டு வரட்டும்.

பாடம் நடத்திவிட்டுக் கேள்வி கேட்பது

ஆற்றுப்படுத்துநர்கள் விரும்பிச் செய்யும் தவறு இது. பையிலிருந்து படம் வரைந்த அட்டையை எடுப்பார்கள். "இது குட் டச், இது பேட் டச், புரியுதா?" குழந்தை தலையாட்டும். "உனக்கு யாராவது பேட் டச் பண்ணாங்களா?"

வகுப்பறையில் அந்த அட்டை நல்லது. விசாரணை அறையில் அதை எடுத்த நிமிடமே நீங்கள் விடையைச் சொல்லிக்கொடுத்துவிட்டீர்கள். கிடைக்கப்போகும் பதிலும் "அந்த அண்ணா பேட் டச் பண்ணாரு" என்றுதான் இருக்கும். அதில் யார் எங்கே என்ன செய்தார் என்ற ஒரு விவரமும் இருக்காது. குழந்தை தானாகவே அந்தச் சொல்லோடு வந்தாலும் அதோடு நிறுத்தாதீர்கள். "பேட் டச்னு சொன்னியே, என்ன நடந்துச்சுன்னு சொல்லு" என்று கேட்டு நகருங்கள்.

எடுத்த எடுப்பில் விஷயத்துக்குப் போவது

பெயர் கேட்டு, எந்த வகுப்பு என்று கேட்டு, மூன்றாவது கேள்வியிலேயே சம்பவத்துக்குப் போய்விடுவார்கள். அவசரம் புரிகிறது. வெளியே மருத்துவமனைக்கு வண்டி நிற்கும், இன்ஸ்பெக்டர் போனில் இருப்பார்.

அமெரிக்காவின் தேசியக் குழந்தை நல ஆய்வு நிறுவனத்தில் மைக்கேல் லாம்பும் சக ஆய்வாளர்களும் 1990-களில் ஒரு நேர்காணல் நெறிமுறை வகுத்தார்கள். நிறுவனத்தின் பெயராலேயே அதை என்.ஐ.சி.எச்.டி. நெறிமுறை என்பார்கள். விஷயத்தைத் தொடுமுன் செய்ய வேண்டிய இரண்டு வேலைகளை அது சொல்கிறது. முதல் வேலை, விதிகளைச் சொல்லிப் பழக்குவது: தெரியாததைத் தெரியாது எனலாம், நான் தப்பாகச் சொன்னால் திருத்தலாம். அடுத்தது, வேறொரு சாதாரண நிகழ்ச்சியை முழுதாகச் சொல்ல வைப்பது.

முதல் வேலைக்கு நான் எப்போதும் கேட்பது, "எங்க வீட்டு நாய் பேரு என்ன?" என் வீட்டுக்கு வந்தே இராத குழந்தை கொஞ்சமும் தயங்காமல் "மணி" என்றது. கேள்வி என்று வந்தால் பதில் சொல்லியாக வேண்டும் என்று பள்ளிக்கூடம் பழக்கியிருக்கிறது. "உனக்கு எப்படிடா தெரியும்? தெரியாதுன்னா தெரியாதுன்னே சொல்லலாம், அதுவும் சரியான பதில்தான்" என்று சிரித்துச் சொன்ன பிறகுதான் அந்தக் குழந்தையின் வாயில் "தெரியாது" வந்தது. இதைச் செய்யாமல் சம்பவத்தைக் கேட்டிருந்தால் எத்தனை "மணி" கிடைத்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

இரண்டாவது வேலைக்கு ஊர்த் திருவிழா, பிறந்த நாள், இல்லையென்றால் "காலைல எழுந்ததுலேர்ந்து இங்க வர்ற வரைக்கும் ஒண்ணு விடாம சொல்லு." நீளமாகப் பேசினால் இந்த அக்கா குறுக்கிட மாட்டாள் என்று குழந்தைக்குத் தெரிய வேண்டும். குழந்தை எந்த அளவு விவரம் சொல்லக்கூடியது என்று உங்களுக்கும் தெரிந்துவிடும்.

"இல்லை" என்ற பிறகும் அதையே கேட்பது

எனக்கு இன்னும் எரிச்சல் தீராத தவறு இது. ஒரு பயிற்சியில் நடந்ததைச் சொல்கிறேன். ஏழு வயதுச் சிறுமியாக நடிக்க ஒரு ஏட்டம்மா முன்வந்தார். சர்வீஸில் பழுத்தவர். அவரிடம் நான் கொடுத்த சீட்டில் இருந்தது இது: மாமா எதுவும் செய்யவில்லை, டியூஷன் சென்டரில் ஒருவர் செய்தார், யாராவது பொறுமையாகக் கேட்டால் சொல்லலாம். விசாரிக்க வந்த எஸ்.ஐ.யிடம் கொடுத்த சீட்டில், மாமா மேல் பாட்டிக்குச் சந்தேகம் என்பது மட்டும்.

"மாமா உன்னைத் தொட்டாரா?"

"இல்ல."

"பயப்படாம சொல்லு. அம்மாகிட்ட சொல்ல மாட்டேன். தொட்டாரா?"

"இல்ல."

"நல்லா யோசிச்சு சொல்லு பாப்பா."

கொஞ்ச நேரம் கழித்து ஏட்டம்மா, "ஆமா" என்றார்.

அறையில் சிரிப்பு. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "ஆமான்னு சொல்ற வரைக்கும் விட மாட்டாங்கன்னு தெரிஞ்சுபோச்சு மேடம்." இரண்டே நிமிடத்தில் ஒரு நிரபராதி எதிரியானார். டியூஷன் சென்டர்க்காரர் விசாரணைக்குள் வரவே இல்லை. இந்த இரண்டாவது பாதியைத்தான் யாரும் கவனிப்பதில்லை. வற்புறுத்திக் கேட்டால் பொய் வந்துவிடும் என்று சொன்னால், குற்றவாளிக்குப் பரிந்து பேசுகிறேன் என்று என்னைப் பார்க்கிறார்கள். வற்புறுத்தலில் உண்மையும் சேர்ந்தே தொலைகிறது என்றுதான் சொல்கிறேன்.

குழந்தை ஏன் பதிலை மாற்றுகிறது? வகுப்பில் டீச்சர் ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால் முதல் பதில் தப்பு என்று அர்த்தம். ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கே இது தெரியும். நீங்கள் ஆறுதலான குரலில் கேட்டாலும் அர்த்தம் அதுவேதான்.

கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் மெக்மார்ட்டின் மழலையர் பள்ளி வழக்கு 1983-இல் தொடங்கியது. நூற்றுக்கணக்கான குழந்தைகளிடம் கைப்பாவைகளை வைத்துக்கொண்டு, மற்ற பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள், நீயும் சமர்த்தாகச் சொல் என்று கேட்டார்கள். வழக்கு 1990 வரை இழுத்தது, ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. அங்கே கேட்ட விதத்தை 1998-இல் செனா கார்வனும் சக ஆய்வாளர்களும் சோதித்துப் பார்த்தார்கள். வகுப்புக்கு ஒருவர் வந்து கதை சொல்லிவிட்டுப் போனார். ஒரு வாரம் கழித்து, அவர் செய்யாத காரியங்களைச் செய்தாரா என்று மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். வெறும் சூசகக் கேள்வி, அதாவது விடையை உள்ளேயே வைத்த கேள்வி, கேட்ட குழுவில் தவறான "ஆமா" 17 சதவீதம். "ஆமா" என்றால் பாராட்டு, "இல்லை" என்றால் முகச்சுளிப்பு, மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள் என்ற அழுத்தம் எல்லாம் சேர்ந்த குழுவில் அது 60 சதவீதத்தை நெருங்கியது. பேச்சு ஐந்து நிமிடம்கூட நீடிக்கவில்லை.

நம் ஊரில் இதன் விலை வேறு மாதிரி. உண்மையான வழக்கு தோற்றுப்போகும். ஆதரவு நபராக, அதாவது வழக்கில் குழந்தைக்குத் துணையாக நியமிக்கப்பட்டவராக, ஒரு குழந்தையோடு நான் நீதிமன்றம் போன வழக்கில், விசாரணை அதிகாரி வாக்குமூலத்திலேயே பெருமையாக எழுதி வைத்திருந்தார்: "சிறுமி முதலில் பயத்தால் மறுத்தாள். பலமுறை ஆறுதலாகக் கேட்டதில் உண்மையைக் கூறினாள்." எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் அலட்டிக்கொள்ளவே இல்லை. அந்த வரியை இரண்டு தடவை வாசித்தார், எத்தனை முறை கேட்டீர்கள் என்று அதிகாரியைக் கேட்டார், உட்கார்ந்துவிட்டார். சந்தேகத்தின் பலன் எதிரிக்குப் போனது. அந்தக் குழந்தைக்கு நடந்தது நடந்தது என்பதில் இன்றும் எனக்குச் சந்தேகமில்லை.

"29-வது பிரிவு இருக்கே மேடம், கோர்ட்டே எதிரிதான் செஞ்சார்னு அனுமானிக்குமே" என்பார்கள். அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு முதலில் நிலைநாட்டிய பிறகுதான் அந்த அனுமானம் என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டன. பெரும்பாலான வழக்குகளில் அந்த அடிப்படையே குழந்தையின் வாக்குமூலம்தான்.

சரி, குழந்தைகள் முதலில் மறுப்பது உண்டே, அப்போது என்ன செய்வது? நியாயமான கேள்வி. பயம், வெட்கம், மிரட்டல், செய்தவர் வீட்டு ஆளாக இருந்தால் அவர் மேல் பாசம் என்று காரணம் எதுவும் இருக்கலாம். அதற்காக அதே கேள்வியை இனிப்புத் தடவிக் கொடுப்பதில் பயனில்லை. "மாமா தொட்டாரா" என்று தொடங்கியதே பிழை. "இன்னிக்கு நாம ஏன் பேசறோம்னு உனக்குத் தெரிஞ்சதைச் சொல்லு" என்று ஆரம்பியுங்கள். ஒன்றும் வரவில்லையென்றால், "டீச்சர்கிட்ட ஏதோ சொன்னியாம், அதைப் பத்தி என்கிட்டயும் சொல்லு." டீச்சரிடம் என்ன சொன்னது என்பது உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது. அப்போதும் வராவிட்டால் பழக்கம் ஏற்படுத்தும் கட்டத்துக்குத் திரும்புங்கள். என்.ஐ.சி.எச்.டி. நெறிமுறையின் திருத்திய வடிவம் தயங்கும் குழந்தைக்காகவே அந்தக் கட்டத்தை நீட்டியிருக்கிறது. நிறுத்திவிட்டு இன்னொரு நாள் பார்ப்பதும் தோல்வியாகாது. ஒரே நாளில் வாக்குமூலத்தை முடித்தே தீர வேண்டும் என்று சட்டம் எங்கேயும் சொல்லவில்லை, ஸ்டேஷன்தான் சொல்கிறது.

ஏன்?

"ஏன் முன்னாடியே சொல்லல?", "ஏன் அங்க போன?" இந்தச் சொல்லை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

பொம்மை

நடந்ததைக் காட்டச் சொல்லி மூன்று வயதுக் குழந்தையிடம் பொம்மையைக் கொடுத்தால் விளையாடும். அது சாட்சியம் ஆகாது.

தேதியும் எண்ணிக்கையும்

எஃப்.ஐ.ஆரில் தேதிக்கு ஒரு கட்டம் இருக்கிறது என்பதற்காக ஆறு வயதுக் குழந்தையை நாட்காட்டியில் தேடவிடாதீர்கள். "எத்தனை தடவை?" என்றால் பத்து என்னும், நாளைக்கு நூறு என்னும், கோர்ட்டில் அஞ்சு என்னும். மூன்று எண்ணையும் ஒருவர் வரிசையாகப் படிப்பார்.

"ஒரு தடவை நடந்துச்சா, அதுக்கு மேலயா?" என்பது போதும். மேலே என்றால், கடைசியாக நடந்ததைத் தனியாகச் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் முதல் தடவை, பிறகு நன்றாக ஞாபகம் இருக்கும் ஏதாவது ஒன்று. பல முறை நடந்ததைக் குழந்தைகள் ஒன்றாகக் கலந்து, எப்போதும் இப்படித்தான் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஒவ்வொன்றையும் பிரித்து, "கரண்ட் போன அன்னிக்குன்னு சொன்னியே, அதை மட்டும் சொல்லு" என்று அவர்கள் வைத்த அடையாளத்தாலேயே கூப்பிடுங்கள். காலம் அதிலிருந்தே கிடைக்கும்: அரைப் பரீட்சை லீவு, பொங்கலுக்குப் பாட்டி வந்த வாரம், தம்பி பிறந்த பிறகு.

ரைட்டர் தமிழ்

இரண்டாம் வகுப்புப் பிள்ளை "மேற்படி எதிரி பாலியல் இச்சையுடன் என்னை அணுகி" என்று பேசியதாக வாக்குமூலம் வருகிறது. பழைய வாக்குமூலத்தைத் திறந்து வைத்துப் பெயரை மட்டும் மாற்றுகிற ரைட்டர்களையும் (ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் காவலர்கள்) பார்த்திருக்கிறேன். கூண்டில் நிற்கும் குழந்தையிடம், "இச்சைன்னா என்னம்மா?" என்று ஒரு கேள்வி வந்தால் முடிந்தது கதை.

குழந்தை சொன்னபடியே பதிய வேண்டும் என்று 25-வது பிரிவு மாஜிஸ்திரேட்டுக்குச் சொல்கிறது. மாஜிஸ்திரேட் பதியும் வாக்குமூலத்தை 164 ஸ்டேட்மென்ட் என்று நாம் சொல்லிப் பழகியது, 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 183-வது பிரிவு ஆகிவிட்டது. இந்தக் கடமை மாறவில்லை. குழந்தை உடலுறுப்புக்கு வீட்டில் வைத்திருக்கும் செல்லப்பெயரை அப்படியே எழுதுங்கள். எந்த இடம் என்று காட்டச் சொல்லி, காட்டியதையும் எழுதுங்கள். உங்கள் கேள்வியையும் எழுதுங்கள். முடிந்தவரை ஒலி, ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது 26-வது பிரிவு. கேமரா வேண்டாம் என்று மல்லுக்கட்டுகிறவர்களைக் கவனித்திருக்கிறேன். குழந்தை கூச்சப்படும் என்பார்கள். பெரும்பாலும் குழந்தை அதை மறந்துவிடுகிறது. தன் கேள்விகள் பதிவாவதில்தான் கேட்பவருக்குக் கூச்சம்.

அம்மா பக்கத்தில் இருந்தால் சரி என்று நினைப்பது

பெற்றோர் அல்லது குழந்தை நம்பும் ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். "அல்லது" என்பதை யாரும் படிப்பதில்லை. எதிரி வீட்டுக்குள்ளேயே இருப்பவராக இருந்தால் ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் குழந்தை அம்மாவின் முகத்தைப் பார்க்கும். யார் இருந்தால் நல்லது என்று குழந்தையைத் தனியாகக் கேளுங்கள். வருபவர் பின்னால், குழந்தையின் பார்வைக்கு வராத இடத்தில் உட்காரட்டும். பதில் எடுத்துக்கொடுக்கக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "அதைச் சொல்லுடி, அன்னிக்கு என்கிட்ட சொன்னியே" என்று அம்மா ஒரு வார்த்தை சொன்னாலும் அதைப் பதிவு செய்தாக வேண்டும்.

வாக்குறுதி கொடுத்து முடிப்பது

"அவனை ஜெயில்ல போட்டுடுவோம்." "இனிமே யாரும் உன்னைக் கேக்க மாட்டாங்க." இரண்டுமே உங்கள் கையில் இல்லை. மருத்துவர் கேட்பார், மாஜிஸ்திரேட் கேட்பார், பிறகு சிறப்பு நீதிமன்றம். வழக்கைக் கையிலெடுத்த 30 நாளுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிய வேண்டும் என்று 35-வது பிரிவு சொன்னாலும் நடைமுறையில் தள்ளிப்போவதுண்டு. இதைக் குழந்தைக்குப் புரியும்படி அப்போதே சொல்லிவிடுவது நல்லது. கோர்ட்டில் வக்கீல்களின் கேள்வியை நீதிபதி வழியாகத்தான் கேட்க வேண்டும் என்ற ஏற்பாடு இருப்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

கடைசியாக, "நீ என்கிட்ட ஏதாவது கேக்கணுமா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். நாளைக்கு ஸ்கூலுக்குப் போகலாமா, அப்பாவுக்குத் தெரியுமா என்பது போன்ற கேள்விகள் வரும். தெரிந்ததற்குப் பதில் சொல்லுங்கள். தெரியாததை விசாரித்துச் சொல்கிறேன் என்று சொன்னால் விசாரித்துச் சொல்லுங்கள். 2020 போக்சோ விதிகளின்படி குழந்தைகள் நலக்குழு ஆதரவு நபரை நியமித்திருந்தால் அவர் பெயரையும் எண்ணையும் ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் கொடுங்கள். நியமிக்காமல் இருந்தால் அன்றைக்கே குழுவுக்கு நினைவூட்டுங்கள்.