முதல் பிளாட்பெட் வேலை: கம்பனியிடம் எதை முதலில் கேட்பது?

ஒன்ராறியோவில் பெரிய லொறி ஓட்டுவதற்கான ஏ-செட் லைசென்ஸ் எடுத்த கிழமையே போன் வரத் தொடங்கும். "தம்பி, பிளாட்பெட் ஓடுவீரா? மைலுக்கு மற்ற இடங்களை விடக் கூடத் தருவினம்." சொல்பவர் மாமாவின் சிநேகிதராக இருப்பார், அல்லது கோயிலில் கண்டு பழகியவராக இருப்பார். நல்ல மனதோடுதான் சொல்வார். பிளாட்பெட் என்பது சுவரும் கூரையும் இல்லாத தட்டையான லொறி, சரக்கை மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டுதான் ஓடவேண்டும். நானும் அப்படி ஒரு போனுக்குச் சரி என்று சொல்லித்தான் முதல் கம்பனிக்குள் போனேன். நான் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: மைலுக்கு எத்தனை சதம்?

அங்கே இரண்டு நாள் வீடியோ காட்டினார்கள். மூன்றாம் நாள் பலகை ஏற்ற அனுப்பிவிட்டார்கள், தனியே. சரக்கைக் கட்டும் பட்டிகளான ஸ்ட்ராப்புகளை என் பலம் முழுவதையும் போட்டு இறுக்கினேன். அறுபது கிலோமீட்டர் போய் நிறுத்திப் பார்த்தால், பாதி ஸ்ட்ராப்புகள் கை பட்டதும் ஆடின. ஓட்டத்தில் பலகை அடங்கி அமரும், அமர்ந்ததும் ஸ்ட்ராப் தளரும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. பக்கத்தில் நின்ற வயதான பஞ்சாபி டிரைவர் ஒருவர் இறங்கி வந்து, நாற்பது நிமிடம் என்னோடு நின்று ஒவ்வொன்றாகக் காட்டித் தந்தார். கம்பனி தந்திருக்க வேண்டிய நாற்பது நிமிடம் அது.

லைசென்ஸுக்கு முன் எடுக்கும் கட்டாயப் பயிற்சி குறைந்தது 103.5 மணித்தியாலம். அதில் பெரும்பகுதி ஓட்டுவதற்கும் பின்னுக்கு எடுப்பதற்கும் வண்டியைச் சோதிப்பதற்கும் போய்விடும். சங்கிலி போட்டு ஸ்டீல் கொயில், அதாவது உருக்குத் தகட்டுச் சுருள், கட்டும் பழக்கம் அங்கே கைக்கு வராது. ஹமில்டன் உருக்காலையில் ஏற்றும் ஒரு கொயில் இருபது தொன் இருக்கலாம். அது உங்கள் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கப்போகிறது. ஆகவே முதல் கேள்வி இதுதான்: எனக்கு யார் கற்றுத் தருவார், எத்தனை கிழமை என்னோடு ஒரே வண்டியில் வருவார்? "போகப் போகப் பழகிவிடும்" என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு எழும்புங்கள். முதலில் பலகை, பிறகு இரும்புக் கம்பி, கொயில் எல்லாவற்றுக்கும் கடைசியாக என்று படிப்படியாகக் கொண்டுபோகும் கம்பனி, சதம் குறைவாகத் தந்தாலும் நல்ல கம்பனி.

சரி, கம்பனி வண்டிகள் நிற்கும் யார்டுக்குப் போனால் எதைப் பார்ப்பது? சங்கிலியைப் பாருங்கள். கண்ணியில் 70 அல்லது 7 என்ற குறி தெளிவாகத் தெரியவேண்டும், அதுதான் சங்கிலியின் பலத்தைச் சொல்லும் கிரேட். 3/8 அங்குலச் சங்கிலி கிரேட் 70 என்றால் 6,600 இறாத்தல் தாங்கும். குறி அழிந்துபோயிருந்தால் அமெரிக்காவில் சோதனை அதிகாரி அதைக் கிரேட் 30 என்றே எடுப்பார், கணக்கு 2,650 ஆக விழுந்துவிடும். கட்டிய சங்கிலிகள், ஸ்ட்ராப்புகளின் மொத்தத் தாங்குசக்தி சரக்கின் எடையில் பாதிக்காவது வரவேண்டும் என்பது சட்டம். ஸ்ட்ராப் ஓரங்கள் வெட்டுப்பட்டுப் பிய்ந்திருக்கின்றனவா, சரக்கின் கூரான மூலைகளில் ஸ்ட்ராப் அறுபடாமல் வைக்கும் மூலைக் காப்புகள் போதுமா என்றும் பாருங்கள். இவற்றைக் கம்பனி தருமா, உங்கள் சம்பளத்தில் கழிக்குமா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

கனடாவில் ஏற்றிய இடத்திலிருந்து 80 கிலோமீட்டருக்குள் நிறுத்திச் சரக்கைச் சோதிக்கவேண்டும். அப்புறம் 3 மணித்தியாலம் அல்லது 240 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அப்போது மறுபடியும். நிறுத்தினால் முகம் சுழிக்கும் டிஸ்பாச்சரோடு, அதாவது ஓட்டங்களைப் பிரித்துத் தருபவரோடு, வேலை செய்ய வேண்டாம்.

தறப்பாளும் ஒரு கேள்வி. பலகைக்குப் போடும் தறப்பாள் நூறு இறாத்தலுக்கு மேலும் இருக்கலாம், தை மாதக் குளிரில் நனைந்து உறைந்தால் இன்னும் பாரம். அதை மேலே கொண்டுபோய் விரிக்கத் தனிக் காசு உண்டா, விழாமல் இருக்கப் பாதுகாப்புப் பட்டி கட்டும் வசதி உண்டா என்று கேளுங்கள்.

இனி, நம் பிள்ளைகள் அதிகம் ஏமாறும் இடம். "சொந்தமாக ஒரு கோர்ப்பரேஷன் திறந்துகொண்டு வாரும், வரி பிடிக்காமல் முழுக்காசும் கையில் தருவம்" என்பார்கள். இதைத்தான் இங்கே 'டிரைவர் இங்க்' என்று சொல்வார்கள். லொறியும் கம்பனியுடையது, எங்கே போவது என்று சொல்வதும் கம்பனி. காகிதத்தில் மட்டும் நீங்கள் முதலாளி. விடுமுறைச் சம்பளம் இல்லை, வேலை போனால் ஈஐ என்ற வேலையிழப்புக் காப்புறுதி இல்லை, சிபிபி என்ற ஓய்வூதியத் திட்டத்தில் முதலாளியின் பங்கும் உங்கள் தலையில். மாகாணம் தாண்டி ஓடும் கம்பனிகளுக்குப் பொருந்தும் கனடிய தொழிற்சட்டம், ஊழியரை இப்படி ஊழியர் அல்லாதவராகக் காட்டுவதைத் தடை செய்கிறது.

வேலை அனுமதியில் வந்து பிஆர் (நிரந்தர வதிவிடம்) எதிர்பார்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். பிஆருக்கான கனடிய அனுபவப் பிரிவில் லொறி ஓட்டும் வேலை கணக்கில் சேரும், ஆனால் சுயதொழிலாகச் செய்த வேலை சேராது. ஒரு வருடம் இரவு பகலாக ஓடியது விண்ணப்பத்தில் வெறுமையாகிவிடும். ஊழியருக்குத் தரும் வரிப் பத்திரமான ரி4 தருவீர்களா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வேலைக்கோ, வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்கக் கம்பனி பெறும் எல்எம்ஐஏ அனுமதிக்கோ உங்களிடமே காசு கேட்பவர் சட்டத்தை மீறுகிறார், அங்கே போகாதீர்கள்.

கம்பனியின் பேரை வைத்து வீட்டிலிருந்தே கொஞ்சம் பார்க்கலாம். ஒன்ராறியோவில் சில டாலர் கட்டினால் அதன் பாதுகாப்பு வரலாற்றைச் சொல்லும் சிவிஓஆர் பதிவை யாரும் எடுக்கலாம். அமெரிக்கா ஓடும் கம்பனி என்றால் அந்த நாட்டு அரசின் சேஃபர் தளத்தில் விபத்துகளும் சோதனைகளில் நிறுத்திவைத்த வண்டிகளும் இலவசமாகத் தெரியும்.

கையெழுத்து வைக்கமுதல் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் யார்டுக்குப் போய் நில்லுங்கள். ஓட்டம் முடித்து வரும் டிரைவர்கள் வண்டியை நிறுத்திக் கதைக்கும் நேரம் அது. இங்கே எத்தனை வருடம் என்று கேளுங்கள். பிறகு, உங்கள் முதல் கொயிலை யார் பக்கத்தில் நின்று கட்டிக் காட்டினார் என்று கேளுங்கள். அந்த ஆளின் பேர் உடனே வாயில் வருகிறதா என்று பாருங்கள்.