"வீட்லதான் இருக்கேன்": ஒரு வரியிலிருந்து சிறுகதை எடுப்பது எப்படி?

சிறுகதை எழுத ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "கரு எங்கிருந்து கிடைக்கிறது?" என்பதுதான். தொடக்கம், திருப்பம், முடிவு எல்லாம் சேர்ந்து ஒருநாள் பளிச்சென்று வந்து விழும் என்று பலர் காத்திருக்கிறார்கள். எனக்கு ஒருமுறைகூட அப்படி விழுந்ததில்லை. கிடைப்பதெல்லாம் துண்டுகள்தான்: யாரோ சொன்ன ஒரு வாக்கியம், ஒரு முகம், காரணம் புரியாத ஒரு செயல். அந்தத் துண்டை வைத்து நான் என்ன செய்கிறேன் என்று வரிசையாகச் சொல்கிறேன். ஒரு துண்டை எடுத்துச் செய்தும் காட்டுகிறேன்.

படி 1: பார்த்ததை மட்டும் எழுதி வையுங்கள்

சின்ன நோட்டு ஒன்று போதும். மொபைலில் குறித்தாலும் சரி. ஆனால் அன்றைக்கே எழுதிவிடுங்கள். மறுநாளைக்குத் தள்ளினால் நடந்தது நினைவிருக்கும், சொன்ன சொல் போய்விடும். நமக்கு வேண்டியது அந்தச் சொல்.

எழுதும்போது விளக்கம் சேர்க்காதீர்கள். என் நோட்டில் உள்ள ஒரு குறிப்பு இது: "மருத்துவமனை. காத்திருக்கும் மனிதர், ஐம்பது வயதிருக்கும். கையில் டோக்கன். போன் வருகிறது. 'வீட்லதான் இருக்கேன்' என்கிறார். வைத்துவிட்டு டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்."

அவ்வளவுதான். 'பாவம், நோயைக் குடும்பத்திடம் மறைக்கிறார்' என்று சேர்த்து எழுதியிருந்தால் கேள்வி அன்றைக்கே மூடிப்போயிருக்கும்.

எதையெல்லாம் குறிக்கலாம்? ஒருவர் சொல்வதும் செய்வதும் ஒட்டாத இடங்கள். சின்ன விஷயத்துக்குப் பெரிதாகக் கோபப்பட்ட இடங்கள். செய்தித்தாளின் மூலையில் வரும் நாலு வரிச் செய்தி. நினைத்தால் இன்றும் கூசவைக்கும் பழைய நினைவு. கனவுகளை நான் குறிப்பதில்லை, எனக்கு அவை உதவியதில்லை. உங்களுக்கு உதவினால் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 2: ஆறப்போடுங்கள்

இரண்டு வாரம் நோட்டைத் திறக்க வேண்டாம். பிறகு திறந்தால் முக்கால்வாசிக் குறிப்புகள் செத்துக் கிடக்கும். நோட்டைத் திறக்காமலேயே எது உங்களுக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்ததோ, அதை எடுங்கள்.

படி 3: ஒரே கேள்விக்குப் பத்துப் பதில்

துண்டைப் பார்த்து ஒரு கேள்வி கேளுங்கள். நான் கேட்டது: போனின் மறுமுனையில் இருந்தது யார்?

கவலைப்படக் கூடாத அம்மா. மனைவி. வெளியூரில் இருக்கும் மகள். இந்த மூன்றும் பேனாவை எடுத்ததுமே வந்தன. அப்படி உடனே வருகிறவை பெரும்பாலும் நாம் ஏற்கெனவே படித்த, பார்த்த கதைகளிலிருந்து வருகிறவை. அவற்றையும் எழுதுங்கள், எழுதினால்தான் வழிவிடும். அடுத்து மேலதிகாரி, கடன் கொடுத்தவர், அடுத்த வார்டில் படுத்திருக்கும் அண்ணன் என்று போனேன். ஏழாவதாக வந்தது இது: மனைவிதான், ஆனால் அந்த நேரத்தில் அவள் வீட்டில் இருக்கிறாள்.

அவர் "வீட்லதான் இருக்கேன்" என்கிறார். அவள் அதே வீட்டின் கூடத்தில் நின்றுகொண்டு அதைக் கேட்கிறாள். "சரி" என்று மட்டும் சொல்கிறாள். இதை எழுதியதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. பத்தைத் தொடும்வரை நிறுத்தாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

படி 4: இன்னொரு குறிப்போடு சேர்த்துப் பாருங்கள்

ஒரு துண்டு தனியாகக் கதையாவது அபூர்வம். ஏன் அவள் வெறும் "சரி" சொன்னாள்? பல நாள் எனக்கு விடை கிடைக்கவில்லை. நோட்டைப் புரட்டியபோது வேறொரு மாதத்தில் எழுதிய குறிப்பு கண்ணில் பட்டது: "வேலைக்குப் போகும் பெண். மாதம் ஒருநாள் அரைநாள் விடுப்பு. யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போய், ஆளில்லாத வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பாள்."

முடிச்சு விழுந்துவிட்டது. அவருடைய பொய்யை அவள் பிடித்தால், அலுவலகத்தில் இருக்க வேண்டியவள் வீட்டில் என்ன செய்கிறாள் என்று சொல்லியாக வேண்டும். இரண்டு குறிப்புகளுக்கும் தொடர்பே இல்லை. தொடர்பை உண்டாக்குவதுதான் நம் வேலை.

படி 5: நடந்ததை மாற்றுங்கள்

"உண்மையில் இப்படித்தான் நடந்தது" என்பது கதையைக் காப்பாற்றாது. ரஷ்ய எழுத்தாளர் கோகோலின் 'மேல்கோட்டு' என்ற கதை 1842இல் வெளியானது. அதன் விதை, நண்பர்கள் கூட்டத்தில் யாரோ சொன்ன ஒரு வேடிக்கைக் கதை என்று அங்கிருந்த அன்னென்கோவ் தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். பறவை வேட்டையில் ஆசையுள்ள ஏழை குமாஸ்தா ஒருவர் வயிற்றைக் கட்டிப் பணம் சேர்த்துத் துப்பாக்கி வாங்குகிறார். முதல்நாளே படகிலிருந்த துப்பாக்கியை நாணல் இழுத்துத் தண்ணீரில் தள்ளிவிடுகிறது. காய்ச்சலில் படுத்தவரை, சக ஊழியர்கள் பணம் போட்டுப் புதுத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்து எழுப்புகிறார்கள். எல்லோரும் சிரித்தார்கள். கோகோல் மட்டும் சிரிக்கவில்லை.

அவர் மாற்றியதைக் கவனியுங்கள். குமாஸ்தா பணம் சேர்த்து வாங்குவது துப்பாக்கி அல்ல, கோட்டு. துப்பாக்கி இல்லாமல் வாழலாம், ரஷ்யக் குளிரில் கோட்டு இல்லாமல் முடியாது. நாணலுக்குப் பதில் திருடர்கள் வருகிறார்கள். கதையிலும் சக ஊழியர்கள் பணம் திரட்டுகிறார்கள், ஆனால் சேருவது அற்பத் தொகை. அந்த ஒரு மாற்றத்தால் குமாஸ்தாவைக் காப்பாற்ற ஆளில்லாமல் போகிறது.

இன்னொன்று: நம்பிச் சொன்ன ரகசியத்தை, சொன்னவர் அடையாளம் காணும்படி எழுதாதீர்கள். வயது, வேலை, உறவு எல்லாவற்றையும் மாற்றுங்கள். இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

படி 6: எங்கே தொடங்குவது?

முதல் வரைவை மருத்துவமனையில்தான் தொடங்கினேன். வரிசை, மருந்து வாசனை, டோக்கன் என்று இரண்டு பக்கம் போயிற்று. உயிரே இல்லை. பொய்யைச் சொன்னவருக்கு அது ஒரு நொடி வேலை, அதை வைத்துக்கொண்டு அவதிப்படப்போகிறவள் அவள். பொதுவாக, அதிகம் இழக்கப்போகிறவர் பக்கம் நின்று எழுதிப் பாருங்கள். இரண்டு பக்கத்தையும் கிழித்துவிட்டு வீட்டுக்குள் போனேன். அவள் கதவைத் திறந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே நிற்கிறாள். புது வரைவின் முதல் வரி இப்படி வந்தது:

"நாற்காலியில் அவருடைய ஆபீஸ் பை இருந்தது."