ரேம் எவ்வளவு வேண்டும்? 20-ஆம் தேதி சாயங்காலம் பாருங்கள்

தக்கலையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் மைனி (அண்ணி) போன் செய்து, "தம்பி, புது லேப்டாப் எடுக்கணும், கடையில 32 ஜிபி ரேம் இல்லாம ஓடாதுன்னு சொல்லுகாங்க, நெசமா?" என்று கேட்டார். என்னென்ன திறந்து வைத்து வேலை செய்வீர்கள் என்றேன். கணக்கு எழுதும் டாலி, நாலைந்து எக்செல், ஜிஎஸ்டி தளம், வாட்ஸ்அப் வெப், பார்ட்டிகள் அனுப்பும் பிடிஎஃப் ஒரு குவியல். இப்போது இருப்பதில் ரேம், அதாவது திறந்திருக்கும் வேலைகளை லேப்டாப் வைத்துக்கொள்ளும் இடம், எத்தனை ஜிபி? "அதெல்லாம் ஆரு பாத்தா!"

பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. இருப்பதைப் பார்க்காமல் புதிதாக வாங்கக் கிளம்பிவிடுகிறோம். நானும் அப்படி ஏமாந்தவன்தான். நாகர்கோவிலில் வீட்டு பிளான் வரைவது என் தொழில், ஆட்டோகேட் இல்லாமல் ஒரு நாள் நகராது. சில வருடங்களுக்கு முன்னால் 8 ஜிபி லேப்டாப் ஒன்று எடுத்தேன், "பின்னாடி கூட்டிக்கலாம் சார்" என்று கடையில் சொன்னார்கள், நம்பினேன். குவைத்தில் இருந்துகொண்டு இங்கே வீடு கட்டுகிற ஒருவர் வீடியோ காலில் மாடிப்படியைத் திருப்பச் சொல்லிக்கொண்டிருக்கிறார், இங்கே மவுஸ் அசைய மாட்டேன் என்கிறது. சரி, ரேம் கூட்டலாம் என்று பின்மூடியைத் திறந்தால் ரேம் செருகும் ஸ்லாட்டே இல்லை. சிப்புகள் போர்டோடு பற்றவைத்துக் கிடந்தன. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள், பணம் கொடுப்பது கடைசியில்தான்.

முதலில் ரீஸ்டார்ட்

ஷட்டவுன் வேண்டாம், ரீஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்று பெரும்பாலும் இயக்கத்திலேயே இருக்கும். அது இருந்தால் ஷட்டவுன் செய்தாலும் உள்ளே பாதி விஷயம் தூங்கத்தான் செய்யுமே தவிர முழுசாக அணையாது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். சிலருக்கு இதிலேயே பிரச்சினை தீர்ந்துவிடும், அவர்கள் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை.

எப்போது அளப்பது

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சும்மா திறந்து பார்த்தால் எந்த லேப்டாப்பும் நல்ல பிள்ளைதான். உங்கள் தொழிலில் உயிர் போகிற நேரம் எது? மைனிக்கு அது மாதம் 20-ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர் 3பி என்ற மாத ஜிஎஸ்டி கணக்கைப் போட வேண்டிய கடைசி நாள். 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர் 1 என்று அதற்கு முன்னோட்டம் ஒன்று உண்டு. எனக்கு, பெரிய பிளானும் வீடியோ காலும் ஒன்றாக ஓடும் ராத்திரி. அந்த நேரத்தில், எதையும் மூடாமல், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ், அதற்குள் மெமரி. அந்தத் திரையை அப்படியே போனில் ஒரு போட்டோ எடுத்துவிட்டு வேலையைப் பாருங்கள், நிதானமாக அப்புறம் படிக்கலாம்.

போட்டோவை எப்படிப் படிப்பது

எல்லோரும் அந்த சதவீதத்தைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். 75 சதவீதம் என்று காட்டினால் அது வியாதி இல்லை. ரேம் தாராளமாக இருந்தால் புரோகிராம்களையும் தாராளமாக எடுத்துக்கொள்ள விடும் குணம் விண்டோஸுக்கு உண்டு. சும்மா கிடக்கும் ரேமில், நீங்கள் திரும்பக் கேட்கக்கூடிய ஃபைல்களை முன்னேற்பாடாக வைத்திருக்கும், அதுதான் 'கேச்டு' என்ற எண், அது அந்த சதவீதத்தில் சேராது. வேறு புரோகிராம் கேட்டால் உடனே காலி செய்து கொடுத்துவிடும். ஆகவே அந்த இரண்டு எண்ணையும் விடுங்கள்.

பார்க்க வேண்டியது 'அவைலபிள்', 'கமிட்டட்' இரண்டும். அவைலபிள் என்றால் கேட்டவுடன் கிடைக்கக்கூடியது. கமிட்டட் என்ற இடத்தில் 11.4/14.2 என்பது போல இரண்டு எண் இருக்கும். முதல் எண், திறந்திருக்கும் புரோகிராம்களுக்கெல்லாம் விண்டோஸ் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்த அளவு. இரண்டாவது, ரேமையும் டிஸ்க்கில் ஒதுக்கிய பேஜ் ஃபைலையும் சேர்த்து அதனால் கொடுக்க முடிந்த உச்சம். கல்யாணப் பந்தியில் சின்ன இலையைப் போட்டுவிட்டு அவியல், எரிசேரி, துவட்டல், பச்சடி என்று எல்லாம் உண்டு என்று சொல்லிவிட்டால், பரிமாறுகிறவர் பாதியைச் சமையல்புரையிலேயே வைத்துவிட்டு, நீங்கள் கேட்கக் கேட்க ஓடிப்போய் எடுத்து வருவார். இலைதான் ரேம், சமையல்புரைதான் டிஸ்க், அந்த ஓட்டம்தான் நீங்கள் பார்க்கும் 'ஹேங்'.

ஒரு விஷயம் கவனியுங்கள். கமிட்டட் உங்கள் ரேமைத் தாண்டிவிட்டது என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது, ஏனென்றால் சில புரோகிராம்கள் தேவைக்கு மேல் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு தொடவே தொடாது. கமிட்டட் தாண்டியிருக்கிறது, அவைலபிள் 1 ஜிபிக்குக் கீழே போய்விட்டது, அதே பக்கத்தில் டிஸ்க் நெட்டுக்குத்தாக ஏறி நிற்கிறது, இந்த மூன்றும் ஒரே நேரத்தில் இருந்தால் உங்களுக்கு ரேம் பற்றவில்லை. டிஸ்க் மட்டும் 100 சதவீதம், ரேம் பாதி காலி என்றால் கேஸ் வேறு. அனேகமாக உள்ளே இருப்பது பழைய ஹார்ட் டிஸ்க். அதைவிட வேகமான எஸ்எஸ்டி டிஸ்க்காக மாற்றுங்கள், ரேமுக்குக் காசு போடாதீர்கள்.

இன்னொன்று, 8 ஜிபி வாங்கினேன் 7.7 தான் காட்டுகிறது, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று என்னிடம் வந்தவர்கள் உண்டு. 'ஹார்ட்வேர் ரிசர்வ்டு' என்ற வரியைப் பாருங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் திரைக்காகக் கொஞ்சம் அங்கே போகும்.

யார் தின்கிறார்கள்

அதே டாஸ்க் மேனேஜரில் புராசஸஸ் போய், மெமரி என்ற தலைப்பின் மேல் ஒரு தட்டு. பெரிது மேலே வரும். பெரும்பாலும் குரோம்தான் முதல் இலையில் உட்கார்ந்திருக்கும். குரோமுக்குள் ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தினால் எந்த டேப் எவ்வளவு என்று தனியாகக் காட்டும். அதன் செட்டிங்ஸில் மெமரி சேவர் போட்டுவிடுங்கள், தொடாத டேப்புகளைத் தூங்க வைக்கும். எக்செல்காரர்களுக்கு ஒரு சங்கதி: பழைய அலுவலகங்களில் இன்னும் 32 பிட் எக்செல் இருக்கும், அது எவ்வளவு ரேம் போட்டாலும் 4 ஜிபிக்கு மேல் தொடாது. அக்கவுன்ட், அபவுட் எக்செல் என்று போனால் 32 பிட்டா 64 பிட்டா என்று எழுதியிருக்கும்.

சரி, எத்தனை ஜிபி?

விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. அது லேப்டாப் எழுந்து நிற்பதற்கு, வேலை செய்வதற்கு அல்ல. 8 ஜிபியில் ஒரு நேரத்தில் ஒரு வேலை செய்கிறவர் ஓட்டலாம். புதிதாக வாங்கும் அலுவலக லேப்டாப் என்றால் 16, இதில் நான் வாதத்துக்கே வர மாட்டேன். கணக்கு, பில்லிங், வக்கீல் ஆபீஸ் டிராஃப்டிங், ஆன்லைன் வகுப்பு எடுக்கும் ஆசிரியர், எல்லோருக்கும் அது போதும். ஆப்பிளே 2024 அக்டோபரில் மேக்புக் ஏர் தொடக்க மாடலை 8-இலிருந்து 16-க்கு ஏற்றிவிட்டது. கல்யாண வீடியோவை 4கே-யில் வெட்டுகிறவர்கள், வீட்டுக்கு 3டி போடுகிறவர்கள், விர்ச்சுவல் மெஷின் ஓட்டும் சாஃப்ட்வேர் பிள்ளைகள் 32-க்குப் போகலாம். 64 தேவைப்படுகிறவருக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது.

கூட்ட முடியுமா என்று பாருங்கள்

அந்த போட்டோவிலேயே விடை இருக்கிறது. 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' 1 ஆஃப் 2 என்றால் ஒரு ஸ்லாட் காலி. 'ஃபார்ம் ஃபேக்டர்' எஸ்ஓடிம் என்றால் கழற்றி மாட்டும் வகை; 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றால் என் கதைதான், பற்றவைத்தது. சில மாடல்களில் கொஞ்சம் பற்றவைத்து ஒரு ஸ்லாட்டும் கொடுத்திருப்பார்கள், ஆகவே மாடல் எண்ணை வைத்துக் கம்பெனியின் பக்கத்தில் அதிகபட்சம் எவ்வளவு ஏற்கும் என்று ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். டிடிஆர் 4, டிடிஆர் 5 என்பவை ரேமின் தலைமுறைகள்; 4-இன் ஸ்லாட்டில் 5 உட்காராது, நடு வெட்டு இருக்கும் இடமே வேறு. விலை விஷயத்தில் ஒன்று: ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளுவதால் 2025 கடைசியில் ரேம் விலை நன்றாக ஏறியது, கிரூஷியல் என்ற பெயரில் சில்லறையாக விற்றுக்கொண்டிருந்த மைக்ரான் அந்த வியாபாரத்தையே விடுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. எனவே அனாவசியமாக ஒரு படி மேலே வாங்குவது இப்போது நிஜமாகவே வீண் செலவு.

மாட்டுவது

ஷட்டவுன், சார்ஜரைக் கழற்று, பின்மூடி, பேட்டரி கனெக்டரைப் பிடுங்கு. ஏதாவது இரும்பைத் தொட்டுவிட்டுக் கையை உள்ளே விடுங்கள். ரேமின் வெட்டும் ஸ்லாட்டின் முட்டும் ஒத்து வரும்படி சாய்வாக நுழைத்து, மஞ்சள் முனைகள் ஏறக்குறைய மறையும் வரை தள்ளி, அப்புறம் கீழே அமுக்கினால் இரண்டு பக்கமும் 'டக்' என்று பிடிக்கும். பிடிக்காவிட்டால் பலம் காட்டாதீர்கள், வெளியே எடுத்து மறுபடி வையுங்கள். டிடிஆர் 5 என்றால் முதல் தடவை ஆன் செய்யும்போது திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கலாம். புது ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கும், பதறி அணைத்துவிட வேண்டாம்.

மைனி 20-ஆம் தேதி சாயங்காலம் போட்டோ அனுப்பினார். மொத்தம் 8, இன் யூஸ் 7.1, அவைலபிள் 0.6, கமிட்டட் 11.4, ஒரு ஸ்லாட் காலி. எஸ்எஸ்டி ஏற்கெனவே இருந்தது. புது லேப்டாப் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரே ஒரு 8 ஜிபி டிடிஆர் 4 வாங்கி ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் வைத்து மாட்டிக் கொடுத்தேன், கூலி ஒரு சீப்பு மட்டிப்பழம். அடுத்த 20-ஆம் தேதி மறுபடி போட்டோ வந்தது. இன் யூஸ் 9.6, கமிட்டட் 11.8, டிஸ்க் கோடு தரையோடு படுத்துக் கிடந்தது. கீழே ஒரு செய்தி: "தம்பி, முன்ன ஏழுதான் தின்னுச்சு, இப்ப ஒன்பதரை தின்னுது, கூடுதலா ஆயிட்டே?"